பாம்பனில் உட்கார்ந்து ஜாஸ் பழகுவது: செல்போன் பாட்டுப்புத்தகமும் கூட வாசிக்கும் செயலியும்

எனக்குத் தெரிந்து பாம்பனில் டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்கிறவர் எவரும் இல்லை. தங்கச்சிமடத்திலும் இல்லை, மண்டபத்திலும் இல்லை. ராமநாதபுரம் போனால் கீபோர்டு வாசிக்க நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் வாரநாளில் ராத்திரி எட்டு மணிக்கு, "தம்பி, கொஞ்சம் ஸ்விங் பழகணும், வர்றியா?" என்று கேட்டால் எத்தனை பேர் பஸ் ஏறி வருவார்கள்? ஸ்விங் என்பது ஜாஸின் ஊஞ்சல் நடை. ஜாஸ் என்பது ஆள் சேர்ந்து வாசிக்கிற இசை. பேஸ் நடக்க வேண்டும், டிரம்ஸ் தள்ள வேண்டும், பியானோ நடுவில் வெட்டி வெட்டிப் பேச வேண்டும். அந்த மூன்று பேரும் கிடைக்காத ஊரில் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்க்கிறேன். கல்யாணம், திருவிழா, துக்க வீடு என்றால் பேண்டு செட்டில் ஆல்ட்டோ சாக்ஸபோன். ஜூலையில் வேர்க்காட்டு சந்தியாகப்பர் திருவிழா வந்துவிட்டால் வேறு வேலையே ஓடாது. பேண்டு செட்டில் பழகிய கைக்கு ஜாஸில் இரண்டு சிரமம் உண்டு. நாங்கள் மெட்டை மட்டும் வாசிப்பவர்கள். அடியில் என்ன கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) ஓடுகிறது என்பது கீபோர்டுக்காரர் கவலை. அப்புறம், நாங்கள் நடந்துகொண்டே வாசிப்பவர்கள், நாலு அடியில் அழுத்தம் ஒன்றிலும் மூன்றிலும் காலோடு விழும். ஜாஸில் அது இரண்டிலும் நாலிலும் விழ வேண்டும். இந்த இரண்டையும் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனை வைத்தே திருத்திக்கொள்ள முடியும்.

எந்த வேலைக்கு எந்தச் செயலி

முதலில் பாட்டுப்புத்தகம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஜாஸ்காரர்கள் ஒரு பாட்டை முழுதாக எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஒரு பக்கத்தில் மெட்டு ஒற்றை வரியாக, அதன் தலைக்கு மேல் கார்டு பெயர்கள், அவ்வளவுதான். மீதியை வாசிக்கிறவர்களே கட்டிக்கொள்வார்கள். இதற்கு லீட் ஷீட் என்று பெயர். 1970-களின் நடுவில் பாஸ்டனில், பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள் இப்படி நூற்றுக்கணக்கான பாட்டுகளைத் தொகுத்து, யாரிடமும் உரிமை வாங்காமல் நகலெடுத்து விற்றார்கள். அதுதான் ரியல் புக். பல வருடம் கள்ளத்தனமாகவே கைமாறிய அந்தப் புத்தகத்தை, 2004-இல் ஹால் லெனார்ட் நிறுவனம் உரிமம் வாங்கிச் சட்டப்படி வெளியிட்டது. இப்போது சி, பி ஃபிளாட், ஈ ஃபிளாட், பேஸ் கிளெஃப் என்று கருவிக்குத் தகுந்தபடி தனித்தனிப் பதிப்புகள் உண்டு. டெலிகிராமில் சுற்றும் பழைய ஸ்கேன் யாராவது அனுப்பினால் அதை வைத்துப் பழகாதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பழைய பதிப்பில் தப்பான கார்டுகள் நிறைய. தப்பாக மனப்பாடம் ஆன கார்டைத் திருத்துவது புதுப்பாட்டு படிப்பதைவிடக் கஷ்டம்.

செல்போனில் முதலில் வைக்க வேண்டியது ஐரியல் ப்ரோ, கார்டைக் காட்டிக்கொண்டே பின்னணியும் வாசிக்கும் செயலி. இதை உருவாக்கிய மாசிமோ பியோல்காட்டி தானே ஒரு ஜாஸ் பேஸ் கலைஞர், அது பயன்படுத்தும்போது தெரியும். இதில் மெட்டு இருக்காது, கார்டு மட்டும்தான். காரணம் எளிது: மெட்டுக்கும் பாடல் வரிக்கும் காப்புரிமை உண்டு, வெறும் கார்டு வரிசைக்குப் பொதுவாக இல்லை. ஒருமுறை பணம் கட்டி வாங்கினால் போதும். வாங்கியவுடன் திறந்தால் சில பயிற்சிகள்தான் இருக்கும், "பாட்டே இல்லையே" என்று பதற வேண்டாம். செயலிக்குள்ளேயே இருக்கும் மன்றப் பகுதிக்குப் போனால், மற்றவர்கள் தட்டெழுதிப் பகிர்ந்த தொகுப்புகள் கிடைக்கும். ஜாஸ் தொகுப்பில் மட்டும் 1400-க்கும் மேற்பட்ட பாட்டுகள். இறக்குவதற்கு மட்டும்தான் இணையம் வேண்டும். இசை எல்லாம் போனுக்குள்ளேயே உருவாவதால், அதன்பின் சிக்னல் இல்லாத இடத்திலும் வாசிக்கும். தனுஷ்கோடி பக்கம் போய் உட்கார்ந்தும் பழகலாம். காற்றுதான் விடாது.

திரையில் வரும் குறியீடுகளை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். எல்லாம் கார்டு வகைகள்தான். சிறு முக்கோணம் என்றால் மேஜர் செவன். கழித்தல் கோடு என்றால் மைனர். குறுக்கே வெட்டிய வட்டம் ஹாஃப் டிமினிஷ்ட், வெட்டாத வட்டம் டிமினிஷ்ட். சதவீதக் குறி மாதிரி ஒன்று வந்தால் முந்தைய பாரையே (பெரும்பாலும் நாலு அடி கொண்ட ஒரு கட்டம்) திரும்ப வாசிக்க வேண்டும். கட்டத்துக்குள் ஏ, பி என்று எழுதியிருப்பது பாட்டின் பகுதிகள், நம் பல்லவி, சரணம் போல.

மெட்டு உள்ள புத்தகத்துக்கு பிடிஎஃப் படிக்கும் செயலி தேவை. ஐபேட் இருந்தால் ஃபோர்ஸ்கோர், ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் மொபைல்ஷீட்ஸ். சாதாரண பிடிஎஃப் செயலியைவிட இவற்றில் என்ன கூடுதல் என்றால், நானூறு பக்கப் புத்தகத்தை ஒரே கோப்பாக வைத்துக்கொண்டே ஒவ்வொரு பாட்டையும் பெயரால் தேடலாம். அதற்கு எந்தப் பாட்டு எந்தப் பக்கத்தில் என்ற அட்டவணையை ஒருமுறை சேர்க்க வேண்டும். அந்த வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டால் புத்தகம் இருந்தும் இல்லாத கணக்கு. ஓரத்து வெள்ளைப் பகுதியை வெட்டிவிட்டால் எழுத்து பெரிதாகும், நாற்பது தாண்டியவர்களுக்கு இது முக்கியம். ப்ளூடூத் பெடல் வாங்கினால் காலாலேயே பக்கம் திருப்பலாம். லீட் ஷீட் பெரும்பாலும் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு என்பதால் ஜாஸுக்குப் பெடல் அவசரம் இல்லை. சர்ச் பூசைக்கு வாசிக்கிறவர்கள் வாங்கலாம்.

எங்கள் மாஸ்டருடைய பழைய பாட்டு நோட்டுகளையும் இப்படித்தான் போனில் படமெடுத்து மொபைல்ஷீட்ஸில் ஏற்றி வைத்திருக்கிறேன். உப்புக்காற்றில் காகிதம் பழுத்து உதிர்கிறது, ஊக்கு துருப்பிடித்து எழுத்தையே தின்கிறது. உங்கள் ஊர் பேண்டு செட்டிலும் அப்படி நோட்டு இருந்தால் இந்த மழைக்காலத்துக்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

கணினி உள்ளவர்களுக்கு பேண்ட் இன் எ பாக்ஸ் என்று ஒரு பெரிய மென்பொருள் உண்டு. பீட்டர் கேனன் என்ற கனடாக்காரர் 1990-இல் தொடங்கியது. கார்டைத் தட்டெழுதினால், உண்மையான கலைஞர்கள் வாசித்துப் பதிந்த துண்டுகளை ஒட்டிப் பின்னணி செய்து தரும். சத்தம் அருமை. ஆனால் விலையும் அதிகம், வட்டில் இடமும் நிறையக் கேட்கும். பழகுவதற்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கட்சி. இலவசமாக வேண்டுமென்றால் இம்ப்ரோ-வைசர் இருக்கிறது, அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரிப் பேராசிரியர் பாப் கெல்லர் உருவாக்கியது. பார்க்கப் பழைய மாதிரி, ஆனால் கார்டுக்கு எந்தச் சுரம் பொருந்தும் என்று வண்ணத்தில் காட்டும். சொந்தமாக மெட்டு எழுத மியூஸ்ஸ்கோர் போதும், அதுவும் இலவசம்.

ஜேமி எபர்சோல்டின் தொகுதிகளையும் சொல்லாமல் விடக்கூடாது. இந்த "கூட வாசி" பழக்கத்தை ஜாஸ் உலகம் முழுக்கப் பரப்பியவர் அவர். 1967-இல் முதல் தொகுதி. இது செயலி இல்லை, உண்மையான மூன்று பேர் வாசித்த ஒலிப்பதிவு. 6-வது தொகுதியில் சார்லி பார்க்கர் பாட்டுகளுக்கு கென்னி பேரன் பியானோ, ரான் கார்ட்டர் பேஸ், பென் ரைலி டிரம்ஸ். இந்த மூவரும் பாம்பன் வீட்டுத் திண்ணையில் நமக்காக வாசிக்கிறார்கள் என்றால் சும்மாவா? இதில் இன்னொரு வசதி: பேஸ் ஒரு காதிலும் பியானோ மறு காதிலும் பிரித்துப் பதிந்திருப்பார்கள், டிரம்ஸ் இரண்டிலும். இயர்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றினால் அந்த ஆள் எழுந்து போய்விடுவார். பேஸ் பழகுகிறவர் பேஸ் பக்கத்தைக் கழற்றிவிட்டுத் தானே அந்த இடத்தில் உட்காரலாம்.

சுதியைச் சரியாக வைப்பது

புதிதாக வருகிறவர்கள் மூக்குடைபடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆல்ட்டோ சாக்ஸபோன் ஈ ஃபிளாட் கருவி. நான் சி என்று விரல் வைத்தால் பியானோவில் ஈ ஃபிளாட் கேட்கும். டெனர் சாக்ஸ், கிளாரினெட், டிரம்பெட் எல்லாம் பி ஃபிளாட் கருவிகள், அவற்றில் சி என்றால் பியானோவில் பி ஃபிளாட். ஆகவே கீபோர்டுக்காரர் பார்க்கும் அதே கார்டை நான் பார்த்து வாசித்தால் சந்தையில் தகராறு மாதிரி இருக்கும்.

ஐரியல் ப்ரோ அமைப்புகளில் கருவியின் சுதியைத் தேர்ந்தெடுக்க ஓர் இடம் உண்டு. அங்கே ஈ ஃபிளாட் என்று வைத்தால், எழுத்து மட்டும் எனக்குத் தகுந்தபடி மாறும். ஒலிக்கும் பின்னணி அதே சுதியில் இருக்கும். பாட்டின் சுதியையே மாற்றும் பொத்தான் வேறு, அது பின்னணியையும் சேர்த்து ஏற்றி இறக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கருவி அமைப்பை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். பாட்டின் சுதியைத் தேவைக்கு மாற்றுங்கள்.

சோதித்துப் பார்க்க: பி ஃபிளாட் ப்ளூஸ் ஒன்றைத் திறங்கள். ஆல்ட்டோக்காரர் திரையில் முதல் கார்டு ஜி செவன் என்று வர வேண்டும். டெனர்காரருக்கு சி செவன். அப்படி வந்தால் சரி.

புத்தகத்திலும் செயலியிலும் ஒரே பாட்டு வேறு வேறு சுதியில் இருப்பதும் சகஜம். ஆட்டம் லீவ்ஸ் என்ற பாட்டு சில புத்தகங்களில் ஈ மைனரில் இருக்கும், மேடையில் பலர் வாசிப்பது ஜி மைனரில். பாட்டைத் தொடங்குவதற்கு முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

முதல் பாட்டு: பன்னிரண்டு பார்

எடுத்த எடுப்பில் அழகான பாலட் (மெதுவான பாட்டு) எதையும் தொடாதீர்கள். ப்ளூஸில் தொடங்குங்கள். பன்னிரண்டு பார் ஒரு சுற்று. ஆல்ட்டோ எழுத்தில் சொன்னால், நாலு பார் ஜி செவன், இரண்டு பார் சி செவன், திரும்ப இரண்டு பார் ஜி செவன், அப்புறம் ஒவ்வொரு பாராக ஏ மைனர் செவன், டி செவன், ஜி செவன், டி செவன். முடிந்தது. இது ஆவர்த்தனம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

வேகம் நிமிடத்துக்கு 110 அடி வைத்துக்கொள்ளுங்கள். மிக மெதுவாக வைத்தால் ஸ்விங் சுலபமாகும் என்று நினைப்போம், உண்மையில் 60-இல் ஸ்விங் வாசிப்பதற்குப் பெரிய கை வேண்டும். பாணி மீடியம் ஸ்விங். திரும்ப வரும் எண்ணிக்கையைப் பத்துக்கு மேல் வையுங்கள், இல்லாவிட்டால் சூடு பிடிக்கும்போது நின்றுவிடும்.

முதல் இரண்டு சுற்று வாசிக்கவே வேண்டாம். காலால் இரண்டையும் நாலையும் தட்டுங்கள். டிரம்ஸில் ஹை-ஹாட் (காலால் மூடும் ஜோடித் தாளம்) 'சிக்' என்று மூடும் சத்தம் அங்கேதான் விழும், அதோடு கால் சேர வேண்டும். பேண்டு செட்டுக்காரர்களுக்கு இது முதலில் நொண்டுகிற மாதிரி இருக்கும், போகப் போகச் சரியாகும். அடுத்த இரண்டு சுற்றில் ஒவ்வொரு கார்டின் மூல சுரத்தை மட்டும் நீளமாகப் பிடியுங்கள். அதற்கடுத்து மூல சுரத்திலிருந்து எண்ணி மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும். கற்பனையாக வாசிப்பதற்கு இன்னும் நேரம் ஆகவில்லை.

மூன்றும் ஏழும் ஏன் என்று கேட்பீர்கள். ஜாஸில் எங்கே பார்த்தாலும் வரும் ஒரு வரிசை உண்டு: பியானோ எழுத்தில் டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். முதல் கார்டின் மூன்றாவது எஃப், ஏழாவது சி. அடுத்த கார்டுக்கு வரும்போது எஃப் அப்படியே நிற்க, சி மட்டும் அரைப்படி இறங்கி பி ஆகிறது. அதற்கடுத்த கார்டில் பி நிற்க, எஃப் அரைப்படி இறங்கி ஈ ஆகிறது. இரண்டே குரல், ஒன்று நிற்க ஒன்று நகர்கிறது. இதை மட்டும் நீளமாக வாசித்தால்கூட, பின்னணியில் பியானோவை அடக்கிவிட்டாலும், கேட்கிறவருக்கு கார்டு மாறுவது தெரியும். ஆல்ட்டோவில் இதே இடம் பி மைனர் செவன், ஈ செவன், ஏ மேஜர் செவன்: டி-யும் ஏ-யும், பிறகு டி-யும் ஜி ஷார்ப்பும், பிறகு சி ஷார்ப்பும் ஜி ஷார்ப்பும்.

ஐரியல் ப்ரோவில் சில பார்களை மட்டும் தேர்ந்து சுற்றவிடலாம். இந்த மூன்று கார்டையும் அப்படிச் சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் சுதி தானாக மாறும்படி பயிற்சி அமைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது சுரம் தாவித் தாவிப் போகும்படி வைத்தால் பன்னிரண்டு சுதியும் ஒரு வலம் வந்துவிடும். வேகமும் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படி வைக்க முடியும். இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், கை இறுகிவிடும்.

ராகம் தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி

மேலே சொன்ன மூன்று கார்டுக்கும் ஆங்கிலப் புத்தகங்கள் டோரியன், மிக்ஸோலிடியன், அயோனியன் என்று மூன்று ஸ்கேல் பெயர் சொல்லிப் பயமுறுத்தும். நமக்கு இது பழைய சரக்கு. அயோனியன் என்பது சங்கராபரணம். அதன் ரிஷபத்தை சட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியா, அதுதான் டோரியன். பஞ்சமத்தை வைத்தால் ஹரிகாம்போஜி, அதுதான் மிக்ஸோலிடியன். மத்யமத்தை வைத்தால் கல்யாணி, அவர்கள் லிடியன் என்பார்கள். கிரகபேதம் அறிந்தவர் இதைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். சி மேஜர் வரிசையில் மூன்று கார்டுக்கும் சுரங்கள் ஒன்றே, நிற்கும் இடம்தான் மாறுகிறது.

இதை வைத்துப் பழகுவதற்கு டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஸோ வாட் என்ற பாட்டு தோதானது. 1959 மார்ச்சில் பதிந்தது. 32 பார். முதல் 16 பார் டி-யை சட்ஜமாகக் கொண்ட கரகரப்பிரியா, அடுத்த 8 பார் அதே ராகம் அரைப்படி ஏறி ஈ ஃபிளாட்டில், கடைசி 8 பார் பழைய இடத்துக்கே. ஆல்ட்டோவில் பி, அப்புறம் சி, அப்புறம் பி. கார்டு துரத்தாத பாட்டு என்பதால் நிதானமாக வாக்கியம் அமைக்கலாம். ஒலிப்பதிவில் கேனன்பால் ஆடர்லியின் ஆல்ட்டோவைக் கேளுங்கள், யூடியூபில் வேகத்தை 0.75-க்கு இறக்கிக் கேட்டாலும் அந்தக் கனம் குறையாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சுரம் ஒன்றுதான் என்பதற்காகக் கரகரப்பிரியா ஆலாபனையை அப்படியே ஸ்விங் மேல் இறக்கினால் ஒட்டாது. கமகம் நீண்டால் தாளம் தளர்ந்துவிடும். கதிரி கோபால்நாத் சாக்ஸபோனில் கமகத்தைக் கொண்டுவந்தது கர்நாடக இசை என்ற வேறு இலக்கணத்துக்குள். ஜாஸில் சுரத்தை விட, அது எந்த அடியில் தொடங்கி எந்த அடியில் முடிகிறது என்பதில்தான் பாதி உயிர் இருக்கிறது. எங்கள் ஆட்களில் ராகம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் வழுக்குகிறார்கள்.

கூட வாசிக்கிறவரை ஒவ்வொருவராக வெளியே அனுப்புவது

எங்கள் பேண்டு மாஸ்டர், கிளாரினெட்காரர், இப்போது பல்லு போய் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் நான் செல்லை வைத்து வாசிப்பதை ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "நல்லாத்தான்டா வாசிக்குது. அது உன்னையக் கேக்குதா?"

கேட்காது. அதுதான் இந்த மென்பொருள்கள் எல்லாவற்றிலும் உள்ள குறை. நீங்கள் மெதுவாக வாசித்தால் டிரம்ஸ் அடங்காது. நீங்கள் ஏறினால் பியானோ கூட ஏறாது. நீங்கள் பாரைத் தவறவிட்டால் உண்மையான பேஸ்காரர் கண்ணைக் காட்டுவார், இது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் இந்தச் செயலியிடம் எவ்வளவு குறைவாக வாங்கிக்கொள்கிறோமோ அவ்வளவுக்கு நம் காது வளரும் என்பது என் முடிவு. பலர் இதற்கு எதிர்த்திசையில் போகிறார்கள்: இன்னும் நல்ல சத்தம், இன்னும் நிறைய கருவி, புதுப் பாணித் தொகுப்புக்குப் பணம். கச்சேரி மாதிரி இருக்கும்தான். பழக்கம் நடக்காது.

செய்ய வேண்டியது இது. ஐரியல் ப்ரோவின் மிக்சரில் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றுக்கும் தனித்தனி அளவு உண்டு. முதலில் மூன்றோடும் வாசியுங்கள். பாட்டு ஓரளவு படிந்ததும் பியானோவைப் பூஜ்யமாக்குங்கள். இப்போது கார்டைச் சொல்லித் தர ஆள் இல்லை, பேஸ் போடும் மூல சுரத்தைக் கேட்டு நீங்களே கணக்குப் போட வேண்டும். அப்புறம் பேஸையும் அடக்கி டிரம்ஸோடு மட்டும். இங்கே வாசிப்பதிலேயே கார்டு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மூன்றும் ஏழும் இன்னும் ஊறவில்லை என்று பொருள். கடைசியில் டிரம்ஸையும் நிறுத்திவிட்டு வெறும் மெட்ரோனோம் (சீராகத் தட்டு மட்டும் தருவது), அதுவும் பாதி வேகத்தில் வைத்து அந்தத் தட்டை இரண்டு, நாலு என்று பாவித்து வாசிப்பது. 120 வேகப் பாட்டுக்கு மெட்ரோனோம் 60. முதல் முறை தலை சுற்றும்.

எதிர்ப்பக்கமாக, டிரம்ஸை எடுத்துவிட்டு பேஸோடு மட்டும் வாசிப்பதும் நல்லது. நம் லயம் எங்கே அவசரப்படுகிறது என்று பேஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

திரையைப் பார்க்காமல் இருப்பதையும் இதோடு சேர்த்துப் பழகுங்கள். கார்டு வரிசையில் இப்போது எங்கே என்று காட்டும் அடையாளம் நகர்ந்துகொண்டே இருந்தால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், காது தூங்கிவிடும். என் அக்கா மகன் இதற்கு ஒரு விளையாட்டு வைத்திருக்கிறான். போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, நான் வாசிக்கும்போது திடீரென்று, "மாமா, இப்ப எந்த பாரு?" என்பான். வாயிலிருந்து கருவியை எடுக்காமல் விரலால் காட்ட வேண்டும். ஏ, ஏ, பி, ஏ என்று போகும் 32 பார் பாட்டில் இரண்டாவது ஏ-யும் கடைசி ஏ-யும் ஒன்றுபோல இருப்பதால் நடுவில் பி வந்துபோனதா என்பதே மறந்துவிடும். அவனுக்கு இதில் பரம சந்தோஷம். வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் இந்த வேலையைக் கொடுங்கள், மாத்திரைக் கணக்கு அவர்களுக்கும் வரும்.

செயலியில் மெட்டு இருக்காது என்று முன்பே சொன்னேன். புத்தகத்தில் இருக்கும் மெட்டும் எலும்புக்கூடுதான். நாலு பேர் வாசித்த ஒலிப்பதிவைக் கேட்டு, முதலில் வாயால் பாடி, அப்புறம் கருவியில் எடுத்து, கடைசியாகப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இந்த வரிசையில் போனால் பாட்டு மறக்காது.

காற்று, வெயில், உப்பு

போனின் சொந்த ஸ்பீக்கரில் டபுள் பேஸ் கேட்காது. அதன் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். விரல்நகம் அளவு ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. மேலே எழும் இழைச் சத்தத்தை வைத்துக் காது யூகிக்கும், அவ்வளவுதான். ஒரு காதில் இயர்போன், மறு காது திறந்து. அல்லது கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர். எவர்சில்வர் பாத்திரத்தில் போனைப் போட்டால் சத்தம் கூடும், பேஸ் கூடாது.

ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி தாமதமாக வரும், அதனால் தாளம் போகும் என்பார்கள். முழுப் பின்னணியும் அதே ஸ்பீக்கரில் வருவதால் நீங்கள் கேட்பதோடு வாசித்தால் ஒன்றும் ஆகாது. திரையில் ஓடும் அடையாளம் மட்டும் ஒலிக்குக் கொஞ்சம் முன்னால் போகும். தாமதம் உதைப்பது, அதே போனில் உங்கள் வாசிப்பையும் பின்னணியையும் சேர்த்துப் பதியும்போது. அதற்கு வயர் போட்ட இயர்போன் வைத்துக்கொள்ளுங்கள். வாசித்ததைப் பதிந்து மறுநாள் கேட்பது அவசியம், அன்றைக்கே கேட்டால் நமக்கு நாமே சலுகை கொடுத்துவிடுவோம்.

சித்திரை, வைகாசி வெயிலில் டேப்லெட்டை வெளியே வைக்காதீர்கள். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லியிருக்கும் உச்ச வெப்பம் 35 டிகிரி. அதற்குமேல் போனால் திரை மங்கும், பிறகு சூடாகிவிட்டது என்று எழுத்து போட்டு அணைந்துவிடும். நிழலில் வையுங்கள், சார்ஜ் போட்டுக்கொண்டே வாசிக்க வேண்டாம். வெயிலில் சாக்ஸபோனும் சுதி ஏறும், செயலியின் சுதி ஏறாது. பத்து நிமிடம் ஊதி கருவி சூடான பிறகு பின்னணியோடு சுதி சேர்த்து, மவுத்பீஸை அதற்குத் தகுந்தபடி வெளியே இழுத்துக்கொள்ளுங்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடற்கரையில் உட்கார்ந்து வாசிக்க ஆசையாகத்தான் இருக்கும். மணலும் உப்பும் கீகளின் ஸ்பிரிங்கில் ஏறிவிடும். வாசித்து முடித்ததும் கருவியின் உடம்பை உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளே துணி இழுத்து, பெட்டியில் வைக்கவும். டேப்லெட்டின் சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடி ஒன்று வாங்கிப் போடுங்கள், பத்து ரூபாய் சமாச்சாரம்.

வாசிக்கும்போது போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பாலட் நடுவில் ஐஸ் கேட்டு லாஞ்ச்காரர் கூப்பிடுவார்.

ஆள் கிடைக்கும்போது

ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் எங்களுக்கு நல்ல காலம். கடலுக்குப் போகிற டிரம்ஸ்காரர், டிரம்பெட்காரர் எல்லாரும் கரையில் இருப்பார்கள். அப்போது செயலியைப் பின்னணிக்குப் பயன்படுத்தாமல், தாள் கொடுக்கப் பயன்படுத்துங்கள். ஐரியல் ப்ரோவிலிருந்து ஒரே பாட்டை ஆளாளுக்கு அவரவர் கருவிச் சுதியில் பிடிஎஃப்பாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். கீபோர்டுக்கு சி, டிரம்பெட்டுக்கு பி ஃபிளாட், எனக்கு ஈ ஃபிளாட். செயலி வைத்திருப்பவருக்குப் பாட்டையே அனுப்பலாம், அவர் தன் போனில் மாற்றிக்கொள்வார்.

பேஸ் வாசிக்க ஆள் இல்லாத கூட்டத்துக்கு ஒரு தந்திரம் உண்டு. பியானோவையும் டிரம்ஸையும் அடக்கி, பேஸை மட்டும் ஒலிக்கோப்பாக எடுத்து ஸ்பீக்கரில் விடுங்கள்; மற்றவர்கள் அதன்மேல் வாசியுங்கள். எத்தனை சுற்று என்பதை முன்பே பேசி முடிவுசெய்து, தொடக்கத்தில் எண்ணிக்கை தட்டு வரும்படி வைத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் யார் எப்போது சேர்வது என்று குழப்பம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பாட்டோடு சுதி, வேகம், சுற்று மூன்றையும் எழுதிவிடுங்கள்: "பி ஃபிளாட் ப்ளூஸ் 120 பத்து சுற்று பேஸ் மட்டும்" என்று. போனில் ஒரே பாட்டுக்கு ஆறு கோப்பு சேர்ந்த பிறகு, எது எது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் டிரம்ஸ்காரர் டீக்குப் போய்விடுவார்.